பதினோராயிரம் அடியில் ஒரு திருகு

அத்தியாயம் 7

"பன்னிரண்டு மணி வரைக்கும் டைம்," என்றாள் நோரீன் டாக்கெட். "அதுக்குள்ள நீங்க நிரூபிக்கலைன்னா நானே முடிச்சுக்கறேன்."

மடியில் கிடந்த கைப்பையை அவள் லேசாகத் தட்டினாள். உள்ளே ஏதோ கனமாக இடித்தது. பின்சீட்டில் பச்சை மிளகாய் பரிட்டோவைக் கடித்துக்கொண்டிருந்த ரூடி மொண்டோயா மெல்லுவதை நிறுத்தினான்.

"பாஸ், அந்தப் பைக்குள்ள இருக்கறது லிப்ஸ்டிக் இல்லைன்னு தோணுது."

"ரிவால்வர்," என்றாள் நோரீன். "டேலோடது."

வெர்னா லிண்ட்குவிஸ்ட் காரை ஓரம்கட்டி நிறுத்தினாள். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்தவள். இப்போது டென்வரில் ஒரு சலவைக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். ரூடி அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் மெக்கானிக். வேலை தெரியாமல் அல்ல, வாய் அடங்காமல் மூன்று ஒர்க்‌ஷாப்களில் இருந்து துரத்தப்பட்டவன்.

"யாரை முடிப்பீங்க?" என்றாள் வெர்னா.

"க்ளென் ஹஃப். வேற யாரு?"

நோரீன் சொன்னதில் நியாயம் இருந்தது. பதினைந்து நாட்களுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவளுடைய கணவன் டேல் மலையிலிருக்கும் தன் மரவீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஹார்ட்வெல் கணவாய் வழியாக இறங்கிக்கொண்டிருந்தான். கடைசி வளைவில் ஒரு கார் பின்னாலிருந்து வந்து தள்ளியது. முந்நூறு அடி பள்ளம். மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டியில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது. டேல் உறுப்பினராக இருந்த பழைய கார்ச் சங்கத்தில், முன் மட்காடில் புதிதாக பெயிண்ட் தொட்டு வைத்திருந்த பச்சைக் கார் ஒன்றே ஒன்றுதான். பல் வைத்தியர் க்ளென் ஹஃப்பின் இரண்டு சீட் பிரிட்டிஷ் கார். ஜூலை மாதக் கூட்டத்தில் டேலின் சட்டையில் காபியை ஊற்றியவரும் அதே க்ளென்தான்.

ஷெரிஃப் விசாரித்தார். சங்கத்தின் ஆகஸ்ட் மாத எஞ்சின் ட்யூனிங் போட்டிக்குப் பிறகு வண்டி சங்கத்து ஷெட்டை விட்டு நகரவே இல்லை என்றார் க்ளென். மைல் மீட்டரும் அதையே சொன்னது. அடையாளம் தெரியாத வாகனம், விபத்து என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள்.

"மைல் மீட்டர் கேபிளைக் கழட்ட ஒரு நிமிஷம் போதும்," என்றான் ரூடி. "மீட்டரை ஏமாத்தறது ஈஸி. எஞ்சினை ஏமாத்தறதுதான் கஷ்டம்."

வெர்னா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். "இன்னிக்குக் காலையில நீ சொன்ன முதல் உருப்படியான வார்த்தை. இறங்கு."



சங்கத்து ஷெட்டில் பதினெட்டு கார்கள் துணி போர்த்தி நின்றன. எல்லா வண்டியிலும் சாவி வண்டியிலேயே தொங்கியது. தீப்பிடித்தால் கையில் கிடைத்தவர் கிடைத்த வண்டியை வெளியே ஓட்டிவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. வெளியே திடலில் செப்டம்பர் மாதப் போட்டிக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்த பெரியவர் நோரீனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். போட்டியின் நடுவர் ஹாலிஸ் ஆம்டால். டேலின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். நோரீன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள்.

"நல்ல மனுஷன்," என்றான் ரூடி தாழ்ந்த குரலில். "ஒரு காலத்துல கொலராடோவிலேயே கார்புரேட்டர்ல இவரை மிஞ்ச ஆள் கிடையாது. பன்னிரண்டு வருஷம் முன்னாடி இவர் மகன் வெஸ் அதே கணவாய்ல போயிட்டான். இவர் கையால செட் பண்ணின வண்டி, வளைவுல எஞ்சின் நின்னு, பின்னால வந்த லாரி மேல ஏறிடுச்சு. அன்னிக்கு ஸ்க்ரூடிரைவரைக் கீழ வெச்சவர்தான். இந்தப் போட்டிக்குக் குடுக்கற கோப்பைகூட வெஸ் பேருலதான்."

க்ளென் ஹஃப் தன் பச்சைக் காரின் பக்கத்தில் கைகட்டி நின்றார். நகங்களில் அழுக்கு இல்லை.

"ஷெரிஃப் பார்த்தாச்சு. பத்திரிகைக்காரன் பார்த்தாச்சு. நீங்களும் பாருங்க," என்றார். "பெயிண்ட் ஜூலையில கல்லு தெறிச்சு போனது. நூறு தடவை சொல்லியாச்சு."

"பெயிண்டைப் பார்க்க வரலை," என்றாள் வெர்னா. "ஸ்டார்ட் பண்ணிக் கேக்கணும்."

ரூடி சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. சூடாகும்வரை காத்திருந்தார்கள். சூடான பிறகும் அதன் சத்தம் அடங்கவில்லை. வேகம் ஏறியது, சரிந்தது, நின்றுவிடும்போல் தடுமாறி மறுபடி ஏறியது. நடுவில் கார்புரேட்டர் வாயிலிருந்து தும்மல்போல் ஒரு சத்தம்.

"ஆகஸ்ட்ல இந்த வண்டிதானே மூணாவது வந்துச்சு?" என்றாள் வெர்னா.

"ஆமா. அன்னிக்கு பூனை மாதிரி ஓடுச்சு," என்றார் க்ளென். அவர் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. "குளிரா இருக்கும்."

"டாக்டர், குளிர்னா வெந்நீர்ப் பை வெச்சுப் பார்க்கலாமா?" என்றபடி ரூடி ஏர் ஃபில்டர்களைக் கழற்றினான்.

ஒரு வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் எப்படி ஓடும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. முதலாவது, காற்று நுழையும் கதவு எத்தனை மயிரிழை திறந்திருக்கிறது என்பது. அதற்கு ஒரு திருகு உண்டு. அடுத்தது, அந்தக் காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்கிறது என்பது. அதற்குக் கார்புரேட்டரின் அடியில் ஆறு முகமுள்ள ஒரு பித்தளை நட். மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரே ஒரு முகம் திருப்பினாலும் எஞ்சினின் குணம் மாறிவிடும். இந்த வண்டியில் கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு மூச்சு வாங்கினால்தான் நான்கு சிலிண்டரும் சண்டையில்லாமல் ஓடும்.

அதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ரூடி இரண்டடி ரப்பர் குழாய் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டான். மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயில் பிடித்தான். பிறகு இரண்டாவதன் வாயில். மீண்டும் முதலாவது. அவன் புருவம் உயர்ந்தது.

"என்ன?"

"ரெண்டும் ஒரே சீறல், பாஸ். மயிரிழை வித்தியாசம் இல்லை. இதை செட் பண்ணினவனுக்குக் காது ஆந்தைக் காது."

"அப்புறம் ஏன் இப்படித் தடுமாறுது?"

"அதுதான் புரியல. இருங்க." கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் மெல்ல மேலே தள்ளினால் உள்ளே காற்று கொஞ்சம் கூடுதலாகப் போகும். கலவையில் பெட்ரோல் அதிகமாக இருந்தால் எஞ்சின் வேகமெடுக்கும். சரியாக இருந்தால் ஒரு நொடி ஏறிவிட்டுப் பழைய நிலைக்கு வரும். ரூடி ஊசியைத் தொட்டான். எஞ்சின் அப்படியே அணைந்தது.

"பட்டினி," என்றான். "பெட்ரோல் பத்தல." மறுபடி ஸ்டார்ட் செய்து இரண்டாவது ஊசியைத் தள்ளினான். அதே மாதிரி அணைந்தது. குனிந்து டார்ச் அடித்தான். பித்தளை நட்டுகளின் மேல் படிந்திருந்த பழைய எண்ணெய்ப் பிசுக்கில், அவை முன்பு நின்ற இடம் கோடாகத் தெரிந்தது. "இங்க ரெண்டு முகம் மேல ஏத்தியிருக்கான். இந்தப் பக்கமும் ரெண்டே முகம். காத்துக் கதவையும் கொஞ்சம் கூடத் திறந்து வெச்சிருக்கான். பைத்தியக்காரன்."

வெர்னா குனிந்து இரண்டு நட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரூடி, வேலை தெரியாதவன் தப்பு பண்ணினா ஒரு பக்கம் ஒண்ணரை, ஒரு பக்கம் மூணுன்னு இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இருந்தா அது தப்பில்லை. யோசிச்சு செஞ்சது. செட்டிங் தப்பா, இல்ல காத்து தப்பா?"

ரூடியின் கையில் இருந்த டார்ச் தாழ்ந்தது.

"ஐயோ பாஸ். நான் ஒரு கழுதை."

"அது எனக்குத் தெரியும். மேல சொல்லு."

"டென்வர் ஒரு மைல் உயரம். கணவாய் பதினோராயிரம் அடி. மேல போகப் போகக் காத்து மெலிஞ்சு போகும். பெட்ரோல் மட்டும் இங்க வெச்ச அளவுலயே வரும். கலவை கெட்டியாகிப் புகை கக்கும், வளைவுல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா நின்னுடும். அதனால மேலயே நிறுத்தி, பெட்ரோலைக் குறைச்சு, காத்தைத் திறந்து விட்டா அங்க அழகா ஓடும். அதே வண்டியைக் கீழ இந்த கெட்டிக் காத்துக்குக் கொண்டு வந்தா..." அவன் எஞ்சினைக் காட்டினான். "அதான் பசியில அழுதுச்சு."



"ஆகஸ்ட் போட்டியில இங்க சரியா ஓடின வண்டி," என்றாள் வெர்னா. "அதுக்கப்புறம் நகரவே இல்லைன்னு சொல்ற வண்டி. மலை உச்சியில நின்னு ட்யூன் ஆகியிருக்கு. சூடான எஞ்சின், குழாய், பொறுமை. குறைஞ்சது அரை மணி நேரம் வேணும். வழியில எதேச்சையா இடிச்சவன் அப்படி உக்கார மாட்டான். காத்திருந்தவன்தான் உக்காருவான்."

நோரீனின் கை பைக்குள் போயிருந்தது. "கேட்டீங்களா, டாக்டர்?" என்றாள். அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "காத்திருந்திருக்கீங்க."

க்ளென் பின்வாங்கிக் காரின் கதவில் முட்டிக்கொண்டார். "நான் இல்ல. சத்தியமா நான் இல்ல."

"டாக்டர்," என்றாள் வெர்னா, அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று. "பெட்ரோலைக் கூட்டணும்னா எதைத் திருப்புவீங்க? சட்டுனு காட்டுங்க."

க்ளென் விரலை நீட்டி, கார்புரேட்டரின் தலையில் இருந்த கறுப்பு மூடியைக் காட்டினார்.

"அது ஆயில் ஊத்தற மூடி," என்றான் ரூடி. "நல்ல வேளை, நீங்க பல்லை மட்டும் பிடுங்கறீங்க."

"நடிக்கறான்," என்றாள் நோரீன்.

"பயந்தவன் கை பொய் சொல்லாது," என்றாள் வெர்னா. "இவர் கார்தான் மேல போச்சு. இவர் போகலை. சாவி வண்டியிலதான் தொங்குது, யார் வேணா எடுத்திருக்கலாம். தப்பான ஆளைச் சுட்டீங்கன்னா சரியான ஆள் இவர் சவ ஊர்வலத்துக்கும் பூ கொண்டு வருவான். அரை மணி நேரம் குடுங்க. பையை ரூடிகிட்ட குடுங்க. ஆள் சிக்கலைன்னா திருப்பித் தரேன்."

நோரீன் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றினாள். ரூடி அதைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"என் சட்டைக்கு மேட்ச் ஆகுதா?"

"வாயை இங்க செலவு பண்ணாதே," என்றாள் வெர்னா. "வெளியில வேலை இருக்கு. அந்த செட்டிங்கைப் பண்ணினது கைதேர்ந்த ஆளு. டேலைக் கொன்னதை மறைச்சுக்குவான். ஆனா கைவேலையைக் கேவலமாப் பேசினா எவ்வளவு நேரம் பொறுப்பான்? டாக்டர், வண்டியைப் போட்டியில நிறுத்துங்க. எதையும் தொடக் கூடாது."



போட்டியின் விதி எளிது. சூடான எஞ்சின் சும்மா ஓட வேண்டும். அதன் மூடியின் மேல் ஓர் ஐந்து சென்ட் நாணயத்தை விளிம்பில் நிறுத்த வேண்டும். யாருடைய நாணயம் அதிக நேரம் விழாமல் நிற்கிறதோ அவருக்குக் கோப்பை. நாற்பது பேர் வட்டமாக நின்றார்கள். ஹாலிஸ் ஆம்டால் ஸ்டாப் வாட்சும் கையுமாக ஒவ்வொரு வண்டியாக வந்தார். ஒரு சிவப்பு வண்டி இரண்டு நிமிடம் பத்து விநாடி. ஒரு நீல வண்டி மூன்று நிமிடத்தை நெருங்கியது. கைத்தட்டல்.

க்ளெனின் முறை வந்தது. மூன்று தடவை நிறுத்திப் பார்த்தார். மூன்று தடவையும் நாணயம் ஆடி, உருண்டு, புல்லில் விழுந்தது.

"டாக்டர், காசை நிறுத்தத்தான் சொன்னாங்க. டாஸ் போடச் சொல்லலை," என்றான் ரூடி உரக்க. கூட்டம் சிரித்தது.

ரூடி தோளில் கைப்பையோடு முன்னால் வந்தான். "நண்பர்களே, ஒரு நிமிஷம் இதைக் கேளுங்க. யார் செட் பண்ணினாங்கன்னு தெரியல, ஆனா அவன் கையில ஸ்க்ரூடிரைவர் குடுத்தது தப்பு. சூப் கரண்டி குடுத்திருக்கணும்."

மறுபடி சிரிப்பு. "புல்வெட்டற மெஷின்கூட இதைவிடத் தேவலை," என்றார் ஒருவர் பின்னாலிருந்து.

"புல்வெட்டற மெஷினை அவமானப்படுத்தாதீங்க. இது என்ன வேலை? காது கேக்காதவன் வேலை. ரெண்டு கார்புரேட்டரும் டைவர்ஸ் கேஸ்ல எதிரெதிர் பெஞ்சுல உக்காந்த மாதிரி இருக்கு."

"பேலன்ஸ் சரியா இருக்கு," என்றது ஒரு குரல்.

ஹாலிஸ் சொன்னது அது. அவர் ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

"என்ன பெரியவரே?"

"பேலன்ஸ்ல குத்தம் சொல்லாதே, தம்பி. குழாயை வெச்சுக் கேளு."

"பேலன்ஸ் சரி, பெரியவரே. ஆனா கலவை? எஞ்சினைப் பட்டினி போட்டுக் கொல்றான் பாவி. நட்டை எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியாதவன் கார்புரேட்டர் பக்கம் வரலாமா? இந்தக் கையை வெச்சுக்கிட்டு எவன் மகனை நம்பி வண்டியில ஏத்துவான்?"

ரூடி அந்தக் கடைசி வாக்கியத்தை யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஹாலிஸின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"கலவை தெரியாதவனா?" என்றார். "இந்த கெட்டிக் காத்துல வெச்சுக் கேட்டா அப்படித்தான் இருக்கும். மெல்லிசுக் காத்துல இதே செட்டிங், காசு பத்து நிமிஷம் அசையாம நின்னுச்சு. பத்து நிமிஷம். நீ ஒரு..."

அவர் நிறுத்திக்கொண்டார். எஞ்சின் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நின்னுச்சா?" என்றாள் வெர்னா. "எங்க நின்னுச்சு, ஹாலிஸ்? என்னிக்கு?"

அவர் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை.

"எதுக்காக மேல நிறுத்தி ட்யூன் பண்ணினீங்க?" என்றாள் வெர்னா. "இறங்கி வரும்போது தள்ளிட்டுப் போக எந்த செட்டிங்கும் போதுமே."

ஹாலிஸ் வாட்சை மேசையில் வைத்தார்.

"டென்வர் செட்டிங்கோட எந்த வண்டியும் என் கையில அந்தக் கணவாய் ஏறாது," என்றார். "இறங்கவும் இறங்காது. வெஸ்ஸுக்கு அப்புறம் முடியாது. காலை எடுத்ததும் இந்த வண்டியும் நின்னுது. அதே வளைவு. என்னால அப்படி விட முடியல. திரும்பி வந்து மாத்தலாம்னு இருந்தேன். ஷெட்டுக்குப் பின்பக்கம் சுவருக்கு பெயிண்ட் அடிக்கற ஆளுங்க இருந்தாங்க. சத்தம் கேட்டு வந்துடுவாங்கன்னு எஞ்சினை அணைச்சு, முன்வாசல் வழியா உருட்டி உள்ள விட்டுட்டுப் போயிட்டேன்."

"எதுக்கு டேல்?" என்றார் க்ளென். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "எதுக்கு என் வண்டி?"

"உன்னுது பச்சை, மட்காடுலயும் ஏற்கெனவே பெயிண்ட் தொட்டிருந்துச்சு. அவனோட சண்டை போட்டவன் நீ." ஹாலிஸ் க்ளெனைப் பார்க்கவில்லை. நோரீனைப் பார்த்தார். "அன்னிக்கு வெஸ்ஸைக் கூட்டிக்கிட்டுப் போய் வண்டியை ஓட்டினவன் டேல். எஞ்சின் தானா நின்னுதுன்னு கோர்ட்ல சொன்னான். ஹாலிஸ் வெச்ச செட்டிங்தான் காரணம்னு ஊரே நம்புச்சு. நானும் நம்பினேன். என் மகனை நானே கொன்னேன்னு பன்னிரண்டு வருஷம் தூங்கலை. போன வசந்த காலத்துல அந்த லாரி டிரைவர் சாகக் கிடந்தப்ப ஆள் அனுப்பினான். வண்டி வளைவுக்கு முன்னாலேயே கோடு மாறி ஆடிக்கிட்டு வந்துச்சாம். டேல் மேல விஸ்கி வாடை அடிச்சுதாம். அவன் குடிச்சிருந்தான், நோரீன். என் கை சரியாத்தான் இருந்துச்சு."

வெர்னா நோரீனின் பக்கம் திரும்பினாள். டேல்தான் அன்று வண்டி ஓட்டியவன் என்பதை நோரீன் தன்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தெரியும்," என்றாள் நோரீன். "எட்டு வருஷமா தெரியும். டேல் உங்ககிட்ட வந்து சொல்றேன்னான். சொல்லாதேன்னு தடுத்தவ நான்."

ஹாலிஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்காக நீங்க செஞ்சதை விட்டுடுவேன்னு நினைக்காதீங்க," என்றாள் நோரீன். "பெட்டியைத் தூக்கினீங்க. சாப்பிட்டியாம்மான்னு கேட்டீங்க."

ரூடி ஷெட்டின் போனில் ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டுவிட்டு வந்தான். சங்கத்து ஆட்கள் இருவர் ஹாலிஸின் இரு பக்கமும் நின்றுகொண்டார்கள். அவர் ஓட முயலவில்லை. அவர் கண்கள் திறந்து கிடந்த எஞ்சினிலேயே இருந்தன. எஞ்சின் தும்மியது. அவர் உடம்பு ஒரு தடவை துள்ளியது.

"ஒரு நிமிஷம் விடுங்க," என்றார். "ரெண்டு முகம் கீழ இறக்கணும், அவ்வளவுதான். எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கறாங்க. இப்படி ஓடவிட்டுட்டு என்னால போக முடியாது."

"யாரும் தொடக் கூடாது," என்றாள் வெர்னா. "அந்த நட்டுங்க இப்ப சாட்சி."

"அப்ப அணைச்சிடுங்க. தயவு பண்ணி அணைச்சிடுங்க."

க்ளென் சாவியை நோக்கிக் கை நீட்டினார். நோரீன் அவருக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். எஞ்சின் சரிந்து நிற்கப்போனது. அவள் ஆக்சிலேட்டரை ஒரு நூல் அழுத்தினாள். அணைந்துவிடாத அளவு, சீராகிவிடாத அளவு. அது மறுபடியும் ஏறி, இறங்கி, தும்மியது.

ஹாலிஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அவர் காதிலிருந்து கையை எடுத்து விடுங்க," என்றாள் நோரீன், பக்கத்தில் நின்றவர்களிடம். அவர்கள் தயங்கினார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள்.

"ஷெரிஃப் வர எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"நாப்பது நிமிஷம்," என்றான் ரூடி. 

"டாக்டர், டேங்க்ல எவ்வளவு இருக்கு?"

க்ளென் குனிந்து மீட்டரைப் பார்த்தார். "முக்கால்."

"போதும்," என்றாள் நோரீன்.